முப்பத்தொரு நாள் எங்கே போனது?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்புகளைப் பதிய வருபவர்கள் காணி, வீடு, கிணறு, நீர் இறைக்கும் இயந்திரம், மாடு, நெல் மூடை என்று படிவத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார்கள். எந்தப் படிவத்திலும் இடம் ஒதுக்கப்படாத ஓர் இழப்பைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம். அது பிள்ளை பெற்ற பெண்ணின் முப்பத்தொரு நாள்.

ஊரில் இந்த வழக்கம் எப்படி இருந்தது என்று மூத்த வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. முகாமிலும் இரவல் காணியிலும் வளர்ந்து, இப்போது தாய் தந்தையராகும் இளையவர்களுக்காகச் சொல்கிறோம். பிள்ளை பிறந்த நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு வரை தாய் அடுப்படிக்குப் போவதில்லை, கிணற்றடியில் வாளி பிடிப்பதில்லை, வயலில் இறங்குவதில்லை. இஸ்லாமியக் குடும்பங்களில் இது நாற்பது நாள். அம்மம்மாவோ பெரியம்மாவோ வந்து நிற்பார். பாவட்டை, நொச்சி, வேப்பிலை போட்டு அவித்த தண்ணீரில் குளிக்க வார்ப்பார்கள். மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறி, பால்சுறா, முருங்கையிலை என்று அவளுக்குச் சாப்பாடு வேறாக வரும். அவளுக்கு இருந்த வேலை இரண்டுதான்: பால் கொடுப்பது, படுத்திருப்பது.

இதற்குத் துடக்கு, தீட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் எமக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை பெறுவது அழுக்கான காரியம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. தாயைக் காற்றோட்டமில்லாத மூலையில் ஒதுக்கியதும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மறுத்ததும் அந்த எண்ணத்தின் பேரிலேயே நடந்தன. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு பெரிய நன்மையும் மறைந்திருந்தது.

இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. இன்று அரசாங்க உத்தியோகம் பார்க்கும் தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் விடுமுறை உண்டு. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் பெண்களுக்கு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. நல்லது. ஆனால் சொந்த வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும், நாட்கூலிக்கு வெங்காயம் கிண்டப் போகும் பெண்ணுக்கும் நடைமுறையில் ஒரு நாள் விடுமுறையும் கிடையாது. எமது கமக்காரப் பெண்ணுக்கு இருந்த ஒரேயொரு மகப்பேற்று விடுமுறை இந்தத் துடக்குத்தான். சட்டம் கொடுக்காததை வழக்கம் கொடுத்தது.

அந்த வழக்கத்தைத் தாங்கி நின்றது ஒரே வளவில், ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த உறவு. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போன முஸ்லிம் குடும்பங்களுக்கும், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த குடும்பங்களுக்கும், 2009இல் செட்டிகுளம் மனிக்பாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் நடந்தது ஒன்றுதான். உறவு சிதறியது. அம்மம்மா ஓரிடம், மகள் வேறிடம். 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் அஞ்சிப் பாடசாலைக் கட்டடங்களில் ஒதுங்கிய குடும்பங்களிலும் கைப்பிள்ளைக்காரிகள் இருந்தார்கள்.

பிரசவம் இப்போது கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. அதன் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1946இல் இந்த நாட்டில் உயிரோடு பிறந்த 1000 பிள்ளைகளில் 141 பேர் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்தத் தொகை பத்துக்கும் குறைவு. ஆனால் சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி செய்யக்கூடியது அவ்வளவுதான். தறப்பாள் கொட்டிலுக்குத் திரும்பிய பெண் மூன்றாம் நாள் தண்ணீர்த் தாங்கியடியில் வரிசையில் நிற்கிறாள். இருபது லீற்றர்க் கான் நிரம்பினால் இருபது கிலோ. அவள் பெற்ற பிள்ளை மூன்று கிலோகூட இராது.

ஓய்வு வசதியுள்ளவர்களின் காரியம் என்று சிலர் எம்மிடம் சொல்வதுண்டு. உடம்பு அப்படிச் சொல்வதில்லை. நச்சுக்கொடி கழன்ற இடம் கர்ப்பப்பைக்குள் ஒரு பச்சைப் புண். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு கிழமை எடுக்கிறது. பிள்ளையைப் பொறுத்தவரை முதல் கிழமையே மிக ஆபத்தானது. உலகில் பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் சிசுக்களில் நான்கில் மூன்று பங்கு அந்த முதல் கிழமையிலேயே இறக்கின்றன. பால் சுரப்பதும் ஒரு கணக்குக்கு உட்பட்டது. பிள்ளை எவ்வளவு சூப்புகிறதோ அவ்வளவுக்கே பால் ஊறும். ஒரு நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரவிலும், அது சூப்ப வேண்டும். வரிசையிலும் விறகுக்கும் அலைகிற பெண்ணால் அத்தனை தடவை எப்படி உட்கார முடியும்? இரண்டு நாள் குறைத்துக் கொடுத்தால் பால் குறைகிறது. பிள்ளை அழுகிறது. “உனக்குப் பால் காணாது” என்று பக்கத்துக் கொட்டிலில் ஒருவர் சொல்கிறார். பிறகு வருகிறது பால்மா ரின்.

அந்த ரின்னைப் பற்றி நாம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அனர்த்தம் நடந்ததும் நல்ல மனத்தோடு ஓடி வருகிறவர்களின் லொறியில் பால்மாவும் சூப்பிப் போத்தலும் கட்டாயம் இருக்கும். கைப்பிள்ளையின் படத்தைப் பார்த்து இரங்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் பால்மாவுக்குக் கொதித்தாறிய தண்ணீர் வேண்டும். போத்தலை அவிக்க விறகு வேண்டும். ரின் முடிந்தால் அடுத்ததற்குப் பணம் வேண்டும். முகாமில் இந்த மூன்றும் இல்லை. 2006இல் இந்தோனேசியாவின் ஜொக்யகார்த்தாப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இப்படித்தான் பால்மா குவிந்தது. பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், அந்த இலவசப் பால்மா கிடைத்த இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடையே வயிற்றோட்டம், கிடைக்காதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இதையெல்லாம் எண்ணித்தான் 1981இலேயே உலக சுகாதாரச் சபை பால்மா விற்பனைக்கு ஒழுக்கக்கோவை வகுத்தது. எமது தாய்மார் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். 2016இல் நாடளாவிய கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 82 பேர் தாய்ப்பாலை மாத்திரமே குடித்தார்கள். இடப்பெயர்விலே எல்லாம் போனாலும் கூடவே வந்த ஒரே விளைச்சல் அது. அதையும் ஒரு ரின் கொடுத்து வாங்கிவிடக் கூடாது.

தாய் இல்லாத பிள்ளை, கடும் நோயில் கிடக்கும் தாயின் பிள்ளை என்று விலக்குகள் உண்டு. அந்தப் பிள்ளைக்குப் பால்மா மருந்து மாதிரி. வைத்தியர் சொல்ல வேண்டும். அளவு சொல்ல வேண்டும். போத்தலை விட்டுக் கழுவ இலகுவான சிறு கோப்பையால் பருக்க வேண்டும். மற்றத் தாய்மார் பால் காணுமோ என்று அறிய ஒரு வழி போதும். ஐந்தாம் நாளுக்குப் பின் பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் பெய்தால் பால் காணும். முதற் சில நாள் பிள்ளையின் நிறை கொஞ்சம் இறங்கி, இரண்டு கிழமைக்குள் பழையபடி ஏறுவது இயல்பு.

இடம்பெயரும்போது நாம் எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று முற்றத்தில் நின்று யோசிக்கிறோம். வழக்கங்களிலும் அப்படி யோசிக்கலாம். சரக்குக் கறி வரட்டும். சுடுதண்ணீர்க் குளிப்பும் முருங்கையிலையும் வரட்டும். மெல்ல எண்ணெய் தடவும் அம்மம்மாவின் கையும் வரட்டும். பின்வருவன ஊரிலேயே கிடக்கட்டும்: முதல் நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீச்சி ஊற்றுவது (நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் செறிந்திருக்கிறது), நாக்கில் தேனும் சீனித் தண்ணீரும் கோரோசனையும் வைப்பது, தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ மஞ்சளோ பூசுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தலையை உருட்டிப் பிடிப்பது, பிறந்த அன்றே குளிக்க வார்ப்பது. தொப்புளைக் காய விட்டால் அது தானே விழும். முதற் குளிப்புக்கு 24 மணித்தியாலம் பொறுக்கலாம். தேன் ஒரு வயது வரை ஆகாது. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்க்கோ தாகம் தீரத் தீரத் தண்ணீர் வேண்டும். இதை நாம் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறோம்.

பாயும் தலையணையும் இல்லாத கொட்டிலில் பிள்ளைக்குச் சூடு எப்படிக் கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு தூரதேசத்துக் கதை. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகர ஆஸ்பத்திரியில் நிறை குறைந்த பிள்ளைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிகள் போதாமல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்தினார்கள். கிருமி தொற்றிப் பிள்ளைகள் இறந்தன. 1978இல் எட்கார் ரே என்ற வைத்தியர் பெட்டியை விட்டுத் தாயின் நெஞ்சை நாடினார். பிள்ளையை வெறும் மேலோடு தாயின் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டினார்கள். கங்காரு தன் குட்டியை வைத்திருப்பது போல என்பதால் அந்தப் பெயரே நிலைத்தது. ஏழை நாட்டின் தட்டுப்பாட்டிலிருந்து வந்த இந்த வழியைப் பணக்கார நாடுகள் பின்னாளில் கற்றுக்கொண்டன. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், 1.8 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்தபோது, நிலை சீராகும் வரை காத்திருந்து தொடங்கியதைவிட இறப்பு கால்வாசி குறைந்தது.

நிறை சரியான பிள்ளைக்கும் இது நல்லது. தகப்பனின் நெஞ்சும் சூடானதுதான். வயலும் தோட்டமும் போன ஆண்கள் முகாமில் படும் மனவேதனையை நாம் அறிவோம். கார்ட்ஸ் விளையாட்டிலும் கசிப்பிலும் அது எப்படிப் போய் முடிகிறது என்பதையும் அறிவோம். பிள்ளையைத் தூக்குவது பெண்ணின் வேலை என்று ஊரில் சொன்னதற்கு, ஆணுக்கு வயலில் வேலை இருந்தது என்பதையாவது சாட்டாகச் சொல்லலாம். இங்கே என்ன சாட்டு? தாய் உறங்கும் இரண்டு மணித்தியாலம் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு வேம்பின் கீழ் உலாவுவதற்குக் காணி உறுதி தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தறப்பாளின் கீழ் மத்தியான வெக்கையில் பிள்ளையைத் துணிமேல் துணியாகச் சுற்றுவதும் ஆபத்து. பெரியவர் போட்டிருக்கும் துணியைவிட ஒரு சுற்று மேலதிகம் போதும். அடுப்புப் புகைக்கு எட்டவாக, நுளம்பு வலைக்குள், மல்லாத்திப் படுக்க விடுங்கள்.

இன்னொரு காரியத்தைப் பலரும் கவனிப்பதில்லை. துயரப்பட்ட வீடு பேச்சில்லாத வீடு. பச்சைப் பிள்ளைக்கு என்ன விளங்கப் போகிறது என்று எண்ணுகிறோம். அது வயிற்றில் இருந்தபோதே தாயின் குரலைக் கேட்டுப் பழகியது. பிறந்து மூன்று நாளுக்குள் மற்றப் பெண்களின் குரலிலிருந்து அதைப் பிரித்தறிகிறது என்று 1980இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதன் கண் தெளிவாகக் காண்பது ஏறக்குறைய ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம். முலையிலிருந்து தாயின் முகம் வரை உள்ள தூரமும் அதுதான். ஆறு கிழமையளவில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். மூன்று நாலு மாதத்தில் கழுத்து நிற்கும். பால் கொடுக்கும்போது அந்த முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். விட்டு வந்த ஊரின் குளத்தையும் மாடுகளின் பெயரையும் சொன்னாலும் சரிதான். பிள்ளை “ஊ” என்றால் நீங்களும் “ஊ” என்று சொல்லிக் காத்திருங்கள். அது திரும்பச் சொல்லும். மூளை வளர்வது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். விளையாட்டுப் பொருள் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. ஏணையில் போட்டு ஆட்டி, தொலைபேசியில் பாட்டை ஓட விட்டுப் போய்விடுவது இதற்கு ஈடாகாது.

தாய் இரண்டு கிழமைக்கு மேலும் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைப் பார்க்க மனமில்லாமல் இருந்தால், அதைப் பேய் என்றும் சோம்பல் என்றும் சொல்லாதீர்கள். அது மருந்தும் ஆறுதலும் உள்ள ஒரு நோய். கிளினிக்கில் சொல்ல வேண்டும். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மிகவும் சோர்ந்து அசைவின்றிக் கிடந்தால், வலிப்பு வந்தால், ஒரு நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுபட்டால், உடம்பு கொதித்தால் அல்லது சில்லிட்டால், முதல் நாளிலேயே மஞ்சள் கண்டால், பின்னர் உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால், விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

குடும்பநல உத்தியோகத்தர், ஊர் வழக்கில் மிட்வைவ், பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீடு தேடி வந்து பார்க்க வேண்டியவர். ஆனால் அவரிடம் இருப்பது தன் பகுதியின் பதிவேடு. இடம்பெயர்ந்து வந்தவர்கள் சொல்லாவிட்டால், உங்கள் கொட்டிலில் ஒரு பிள்ளை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனவே எந்த ஊருக்குப் போனாலும், கிராம அலுவலரிடம் பதியும் அதே நாளில் அந்தப் பகுதி மிட்வைவிடமும் பதியுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியும், 2, 4, 6 மாதங்களில் போட வேண்டியவையும், நிறையும் அதில்தான் இருக்கின்றன. பிறப்பை 42 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. மூன்று மாதம் தாண்டினால் அலைச்சல் பெரிது. கிடைக்கும் காலங்களில் திரிபோஷ பாலூட்டும் தாய்க்கு உரியது. அதை வீடு முழுவதற்கும் உருண்டை பிடித்துப் பகிர்வது எமது பழக்கம். அந்தப் பாசம் விளங்குகிறது. ஆனாலும் அது அவளுடைய பங்கு.

முப்பத்தொரு நாளைத் திரும்பக் கொண்டு வர முடியுமா? முடியும் என்பதே எமது எண்ணம். உறவு சிதறிய இடத்தில் அயல் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். நூறு குடும்பங்கள் உள்ள முகாமில் மாதத்துக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு ஒரு கொட்டில் என்று முறை வைத்தால், ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் வருவது நாலு நாள். அந்த நாளில் செய்ய வேண்டியது இரண்டு கான் தண்ணீர், மதியச் சோறு, மூத்த பிள்ளைகளை ஒரு கண் பார்த்துக்கொள்வது. அரிசியும் பருப்பும் அவளுடைய நிவாரணத்திலிருந்தே வரட்டும். அடுப்பு மட்டும் உங்களுடையது. “எங்களுக்கே ஒன்றும் இல்லை, இதிலே மற்றவளுக்கு வேறா” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். அவருடைய வீட்டிலும் மகளோ மருமகளோ இருப்பாள்.

முகாம் குழுக்கள் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். பிறந்த பிள்ளையை முதல் நாளிலிருந்தே ஓர் ஆளாக எண்ண வேண்டும். நிவாரண நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட குறைந்த அளவு ஆளுக்கு ஒரு நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர். பிள்ளைக்கும் அந்தப் பதினைந்து உண்டு. பாலூட்டும் தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் வரிசையில் முன்னிடம் கொடுக்க வேண்டும். இதற்கு எந்த அமைச்சின் உத்தரவும் தேவையில்லை. தண்ணீர்த் தாங்கியடியில் நிற்கும் இளைஞர்களிடம் மாதர் சங்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வெளியிலிருந்து உதவி கொண்டு வருபவர்கள் கைப்பிள்ளைக்காரிக்கு என்ன கொண்டு வரட்டும் என்று எம்மிடம் கேட்கிறார்கள். மூடியுள்ள வாளி ஒன்று, பழகிய மெல்லிய பருத்திச் சேலை இரண்டு, நுளம்பு வலை, சவர்க்காரம், இரண்டு கிலோ பயறு, கொஞ்சம் உள்ளியும் மிளகும். பால்மாவும் போத்தலும் லொறியிலேயே இருக்கட்டும்.